பெரியவர் என்று ஒரு பெயர்



எழுத்துப் படிக்கத் தொடங்கும் எவரும் முதலில் எழுத ஆசைப்படுவது தம் பெயரைத்தான். கைநாட்டு வைத்த இடத்தில் தன் பெயரை எழுதும் நாள் மறக்க முடியாத நாள். இன்றைய பேச்சும் ஒரு பெயரைப் பற்றியது.

சித்தூரிலோ திருப்பதியிலோ வாக்காளர் பட்டியலை வாங்கிப் படித்துப் பாருங்கள். ஷேக் மஸ்தான், ஷேக் நாகூர், ஷேக் பாத்திமா என்று வரிசையாகப் பெயர்கள் வரும். மஸ்தான் வேறு வீடு. நாகூர் வேறு வீடு. பாத்திமா வேறு தெரு. ஆனால் மூவர் பெயருக்கும் முன்னால் ஒரே சொல் நிற்கிறது. அந்தச் சொல் 'ஷேக்'.

இது தெலுங்குச் சொல் அல்ல. தமிழும் அல்ல. அரபுச் சொல். அரபு நாட்டுச் சொல் சித்தூர் மாவட்டத்து ரேஷன் கார்டுக்கு எப்படி வந்தது?

சொல்லின் பொருள்

அரபு மொழியில் 'ஷேக்' என்றால் வயதில் மூத்தவர். முதலில் அவ்வளவுதான் பொருள். வயதானவருக்கு அனுபவம் இருக்கும். அதனால் கூட்டத்துக்குத் தலைவராக இருப்பவரையும் ஷேக் என்றார்கள். பிறகு மார்க்கக் கல்வி கற்ற ஆசிரியரையும் அப்படி அழைத்தார்கள். ஊர்ப் பெரியவர், பெரிய வாத்தியார் என்று சொல்வதில்லையா? அது போலத்தான்.

ஆக, அது முதலில் பெயர் அல்ல. மரியாதைச் சொல்.

அரபு நாட்டில் பழைய காலத்தில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. தன் பெயர், தந்தை பெயர், பாட்டன் பெயர் என்று சங்கிலி போலச் சொல்வார்கள். அகமது பின் யூசுப் என்றால் யூசுபின் மகன் அகமது. பெண்ணாக இருந்தால் 'பின்' என்பதற்குப் பதில் 'பின்த்' என்று வரும். அதற்கு மகள் என்று பொருள்.

தமிழர் வழக்கமும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தந்தை பெயரின் முதல் எழுத்தைத் தன் பெயருக்கு முன்னால் போடுகிறார்கள். அதை இனிஷியல் என்கிறார்கள். வீட்டுக்கு ஒரு பெயர், தலைமுறை தலைமுறையாக அதே பெயர் என்பது தெலுங்கர் வழக்கம். அதை 'இண்டி பேரு' என்பார்கள். வீட்டுப் பெயர் என்று பொருள். அது பெயருக்கு முன்னால் வரும்.

இந்த இரண்டு வழக்கங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஷேக் என்ற சொல் இந்த இரண்டுக்கும் நடுவே வந்து சேர்ந்தது.

இந்தப் பக்கம் வந்த வழி

இந்தச் சொல் பல வழிகளில் வந்தது. கடல் வழியாக வந்த வணிகர்கள் கொண்டுவந்தார்கள். சூஃபிப் பெரியவர்கள் கொண்டுவந்தார்கள். படைகளோடும் வந்தது.

சூஃபி ஞானிகளைச் சீடர்கள் 'ஷேக்' என்றே அழைத்தார்கள். அவர்களிடம் வந்து மார்க்கத்தில் சேர்ந்த உழவர்களும் நெசவாளர்களும் அந்தச் சொல்லைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். இப்படித்தான் ஒரு மரியாதைச் சொல் ஆயிரமாயிரம் குடும்பங்களின் பெயராக மாறியது.

தர்காக்கள் பிள்ளைகளுக்கும் பெயர் தந்தன. நெல்லூர் மாவட்டத்தில் கசுமூரு என்ற ஊரில் மஸ்தான் வலி தர்கா இருக்கிறது. தமிழ்நாட்டில் நாகூர் தர்கா இருக்கிறது. அங்கே வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளைக்கு மஸ்தான் என்றும் நாகூர் என்றும் பெயர் வைத்தார்கள். 'ஷேக் நாகூர்' என்ற பெயரைப் பாருங்கள். முதல் பாதி அரபு நாட்டிலிருந்து வந்தது. மறு பாதி தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர். அந்தப் பெயரைச் சுமப்பவர் பேசுவது உருதும் தெலுங்கும்.

சித்தூர்ச் சீமை ஆற்காட்டு நவாபின் ஆட்சியில் இருந்தது. பாகாலாவுக்குப் பக்கத்தில் தாமலசெருவு இருக்கிறது. 1740-ல் நவாப் தோஸ்த் அலி அந்தக் கணவாயில் மராட்டியப் படையோடு போரிட்டு இறந்தார். மைசூரை ஆண்ட ஹைதர் அலியும் 1782-ல் சித்தூருக்குப் பக்கத்திலே, நரசிங்கராயன்பேட்டை முகாமில்தான் இறந்தார். இப்படிப் படைகள் வந்து போன மண் இது. வந்தவர்களில் பலர் இங்கேயே தங்கினார்கள். 1801-ல் இந்தச் சீமை ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போனது.

அப்போது சித்தூர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911-ல்தான் சித்தூர் தனி மாவட்டம் ஆயிற்று. 1960-ல் திருத்தணிப் பகுதி இதிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. 2022-ல் சித்தூரிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. எல்லைக் கோடு இத்தனை முறை மாறியது. மக்கள் மாறவில்லை. இன்றும் இந்தப் பக்கம் ஒரே தெருவில் தெலுங்கு, தமிழ், உருது மூன்றும் கேட்கும்.

வீட்டுப் பெயர் ஆனது

ஆந்திரத்தில் எல்லோருக்கும் பெயருக்கு முன்னால் வீட்டுப் பெயர் இருக்கிறது. அதே இடத்தில் முஸ்லிம் வீடுகளில் ஷேக், சையது, பட்டாண் என்ற சொற்கள் வந்து அமர்ந்தன. அரபு நாட்டில் பெரியவருக்கு மட்டும் உரிய சொல், ஆந்திரத்தில் பிறந்த குழந்தைக்கும் உரியது ஆயிற்று.

மரியாதைச் சொல் பெயராக மாறுவது புதிது அல்ல. 'நாயகர்' என்றால் தலைவர். அதிலிருந்து வந்ததுதான் நாயுடு. முதலியார் என்றால் முதன்மையானவர். ஷேக் என்பதும் அதே வழியில் நடந்தது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தெலுங்கர் வீடுகளில் ஒரே வீட்டுப் பெயர் இருந்தால் பங்காளிகள் என்பார்கள். அவர்களுக்குள் பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள். ஷேக் வீட்டுப் பெண்ணை இன்னொரு ஷேக் வீட்டுக்குத் தாராளமாகக் கொடுக்கிறார்கள். ஏன்? ஷேக் என்பது ஒரு வம்சத்தின் பெயர் அல்ல. ஒரே பாட்டனிடமிருந்து வந்தவர்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. பல ஊர், பல தொழில், பல குலத்து மக்கள் ஒரு மரியாதைச் சொல்லின் கீழே வந்து சேர்ந்தார்கள்.

தமிழ்ப் பக்கம் வேறு வழி

தமிழ்நாட்டில் இந்தச் சொல் வீட்டுப் பெயர் ஆகவில்லை. ஆளின் பெயரோடு கலந்துவிட்டது. தமிழ் நாவுக்கு ஏற்றபடி செய்கு, சேகு, சேக் என்று மாறியது.

சீதக்காதி என்ற வள்ளலைக் கேள்விப்படாதவர் உண்டா? இறந்த பிறகும் கொடுத்தவர் என்று ஊர் புகழும் அந்த வள்ளல், கீழக்கரையில் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவருடைய பெயர் ஷேக் அப்துல் காதிர். அதைத்தான் தமிழ் மக்கள் சீதக்காதி என்று ஆக்கிக்கொண்டார்கள்.

நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-ல் பிறந்தவர் செய்குத்தம்பிப் பாவலர். ஒரே நேரத்தில் நூறு செய்திகளை மனதில் நிறுத்திப் பதில் சொல்லும் சதாவதானி. அவர் பெயரைப் பிரித்துப் பாருங்கள். செய்கு என்றால் பெரியவர். தம்பி என்றால் இளையவர். இரண்டும் ஒரே பெயரில் ஒட்டி நிற்கின்றன.

உலகம் முழுவதும்

மராட்டியத்திலும் குஜராத்திலும் இந்தச் சொல் பெயருக்குப் பின்னால் வரும். காஷ்மீரில் முன்னால் வரும். காஷ்மீரத் தலைவர் ஷேக் அப்துல்லா 1960-களில் கொடைக்கானலில் காவலில் வைக்கப்பட்டிருந்தார். வங்கதேசம் 1971-ல் பிறந்தபோது அதன் தலைவராக இருந்தவர் ஷேக் முஜிபுர் ரகுமான்.

கடல் கடந்தும் இந்தப் பெயர் போனது. 1860 முதல் 1911 வரை, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் ஏற்றிப் போனார்கள். வட ஆற்காட்டிலிருந்து நிறையப் பேர் போனார்கள். சித்தூர் அப்போது வட ஆற்காட்டில்தானே இருந்தது. இன்றும் அந்த நாட்டு டர்பன் நகரில் ஷேக் என்ற குடும்பப் பெயர் இருக்கிறது.

இப்போது ராயச்சோட்டி, கடப்பா பக்கத்திலிருந்து ஏராளமான பேர் குவைத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே ஷேக் என்பது அரச குடும்பத்தாருக்கு வழங்கும் பட்டம். இங்கிருந்து போகும் ஓட்டுநரின் பாஸ்போர்ட்டிலும் அதே சொல். அரபு நாட்டிலிருந்து வந்த சொல், பல நூற்றாண்டு கழித்து, வேலை தேடி அரபு நாட்டுக்கே திரும்பிப் போகிறது.

நாதசுரமும் தங்கத் தாமரையும்

இந்தப் பெயரைச் சுமந்தவர்கள் செய்த தொண்டுக்கு இரண்டு சான்றுகள் போதும்.

ஷேக் சின்ன மௌலானா பெரிய நாதசுர வித்வான். 1924-ல், இன்றைய பிரகாசம் மாவட்டத்துக் கரவதியில் பிறந்தார். தஞ்சாவூர்ப் பாணியைக் கற்று, ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். 1998-ல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் தந்தது. 1999-ல் காலமானார். அவருடைய சீடர்கள் ஷேக் மகபூப் சுபானி, காலீஷாபீ மகபூப் தம்பதியர். 2020-ல் இருவருக்கும் சேர்த்துப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பெயர் அரபு. ஊர் ஆந்திரம். வாத்தியம் தமிழ்நாட்டுக் கோயில் வாத்தியம்.

திருமலையில் அஷ்டதள பாத பத்மாராதனை என்ற சேவை உண்டு. 1984-ல் தொடங்கியது. 108 தங்கத் தாமரை மலர்களால் வேங்கடவனை அர்ச்சிப்பார்கள். அந்த மலர்களைக் காணிக்கையாகத் தந்தவர் குண்டூரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பக்தர். அவர் பெயரும் ஷேக் என்றுதான் தொடங்கும்.

காகிதத்தில் ஒரு சொல்

பெயரின் வரலாறு தெரிந்தது. இனி, எழுத்து கற்றவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

ஆந்திரத்தில் ஷேக் மஸ்தான் என்பதைச் சுருக்கி 'எஸ்.கே. மஸ்தான்' என்று எழுதுகிறார்கள். அதே மஸ்தான் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எஸ் என்றால் தந்தை பெயர் என்று நினைப்பார்கள். கே என்றால் ஊரா, பாட்டனா என்று கேட்பார்கள். எல்லை தாண்டினால் அதே எழுத்துக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் எழுதும்போது தொல்லை இன்னும் அதிகம். ஆந்திரத்தில் பெரும்பாலும் எஸ், எச், ஏ, ஐ, கே என்று ஐந்து எழுத்தில் முடித்துவிடுவார்கள். வேறு இடங்களில் கடைசியில் இன்னொரு எச் சேர்ப்பார்கள். சிலர் ஏ-க்குப் பதில் ஈ போடுவார்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் ஒரு மாதிரி இருந்தால் கம்ப்யூட்டர் மூன்று ஆள் என்று நினைக்கும். ஓய்வூதியமும் கடனும் நின்றுபோகலாம்.

பெண்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஷேக் வீட்டில் பிறந்தவர் சையது வீட்டுக்கு மருமகளாகப் போவார். பள்ளிச் சான்றிதழில் ஷேக் என்று இருக்கும். ரேஷன் கார்டில் சையது என்று எழுதிவிடுவார்கள். பெயரை மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இந்த ஒரு சொல் பிள்ளைகளின் படிப்பையும் தொடுகிறது. 2007-ல் ஆந்திரப் பிரதேசத்தில் ஒரு சட்டம் வந்தது. பின்தங்கிய 14 முஸ்லிம் பிரிவுகளுக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் 4 விழுக்காடு இட ஒதுக்கீடு தந்தது. அந்தப் பட்டியலில் ஷேக் இருக்கிறது. சையது, பட்டாண், மொகல் ஆகியவை இல்லை. 2010-ல் உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு, அந்த 14 பிரிவுகளுக்கு ஒதுக்கீடு தொடரலாம் என்று உச்சநீதிமன்றம் இடைக்கால உத்தரவு தந்தது. பெயர்ப் பதிவில் கவனக்குறைவாக ஒரு சொல்லை விட்டுவிட்டால், பிள்ளை சாதிச் சான்றிதழுக்கு அலைய நேரும்.

எனவே மூன்று காரியம் செய்யுங்கள். வீட்டில் உள்ள எல்லாக் காகிதங்களையும் ஒன்றாக வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால், பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி மற்றவற்றைத் திருத்தக் கேளுங்கள். ஆதாரில் பெயரைப் பொதுவாக வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். அதனால் கையெழுத்துப் போடும் முன் நீங்களே படித்துப் பாருங்கள். அடுத்தவர் படித்துச் சொல்லக் காத்திருக்க வேண்டாம். அதற்காகத்தானே எழுத்துக் கற்றீர்கள்!

ஷேக் என்றால் பெரியவர். தன் பெயரைத் தானே படித்து, பிழையைத் தானே கண்டு, திருத்தித் தரும்படி கேட்பவர் யாரானாலும் அவரும் பெரியவரே.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் பெயருக்குப் பொருள் என்ன? அது எந்த மொழிச் சொல்?
2. உங்கள் பெயரின் முதல் எழுத்து தந்தை பெயரா, வீட்டுப் பெயரா?
3. உங்கள் வீட்டுக் காகிதங்களில் எல்லோர் பெயரும் ஒரே மாதிரி இருக்கிறதா? எழுதிப் பாருங்கள்.
4. மரியாதைச் சொல்லிலிருந்து பிறந்த வேறு பெயர்கள் உங்கள் ஊரில் உண்டா?