உண்டவருக்கும் உரிமை உண்டு

(ஹட் பேயில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கெட்ட உணவைச் சாப்பிட்டு உடம்பு பாதிக்கப்பட்டவர்களுக்குச் சட்டம் என்ன வழி காட்டுகிறது என்று பேசச் சொன்னீர்கள். நான் வக்கீல் அல்ல. சயன்ஸ் படித்து, சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே உபயோகமானதை மட்டும் சொல்கிறேன்.

"நாமோ சைவம், நமக்கு இதெல்லாம் வராது" என்று சிலர் நினைக்கிறார்கள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். 40-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றார்கள். அது மாமிசம்தான். ஆனால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமிக்குப் பிடித்த இடம் சாதம். அதன் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வடித்த சாதம் அண்டாவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருந்தால் அவை பெருகி விஷத்தை உண்டாக்கும். மறுபடி சுட வைத்தாலும் அந்த விஷம் போகாது. புளியோதரையும் தயிர்சாதமும் இதற்கு விலக்கு அல்ல.

அடுத்த தயக்கம்: "கல்யாணத்தில் சாப்பிட்டோம். காசு கொடுத்தா சாப்பிட்டோம்? யாரைக் கேட்பது?" இதே கேள்வி 1928-ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் எழுந்தது. சிநேகிதி வாங்கிக் கொடுத்த ஜிஞ்சர் பீரை டோனகியூ என்ற பெண்மணி குடித்தார். புட்டியில் அழுகிய நத்தை இருந்தது என்பது அவர் வழக்கு. காசு கொடுத்தவர் சிநேகிதி. உடம்பு கெட்டதோ இவருக்கு. தயாரிப்பாளர், சாப்பிடுபவருக்கும் பொறுப்பாளி என்று லண்டன் பிரபுக்கள் சபை 1932-ல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் இதைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பணம் கொடுத்தவருடைய சம்மதத்தோடு பொருளையோ சேவையையோ அனுபவிப்பவரும் நுகர்வோரே. பெண்ணைப் பெற்றவர் சமையல் காண்ட்ராக்டருக்குப் பணம் கொடுத்தார். பந்தியில் உட்கார்ந்தவருக்கும் உரிமை உண்டு.

வழிகள் மூன்று.

முதலாவது, 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம். உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். உணவால் மரணம் நேர்ந்தால் குறைந்தது 5 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புக்கு 1 லட்சம் வரை நஷ்டஈடு தரும்படி உத்தரவிட இச்சட்டம் இடம் தருகிறது. லாப நோக்கமில்லாத சமையற்கூடமும் இதற்கு உட்பட்டதே. அன்னதானம் செய்வோர் இதை மனதில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. ஒரே பந்தியில் பாதிக்கப்பட்ட பலர், ஆணையத்தின் அனுமதியுடன் சேர்ந்தே மனுச் செய்யலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். மனுவை இணையம் மூலம் அனுப்பவும், விசாரணையை வீடியோ மூலம் கோரவும் வழியுண்டு. கப்பலுக்குக் காத்திருக்கும் ஹட் பேவாசிகளுக்கு இது பெரிய வசதி. ஆலோசனைக்கு 1915 என்ற உதவி எண் இருக்கிறது.

மூன்றாவது, போலீஸ். கவனக்குறைவால் மரணமோ காயமோ நேர்ந்தால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி வழக்குப் பதியலாம். ஒரு வழியில் போனால் மற்ற வழி அடைபட்டுவிடாது.

சட்டம் இருக்கிறது, ஆனால் சாட்சியம் ஒரே நாளில் அழிந்துவிடுகிறது. அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்த பிறகு எந்த ஆணையத்துக்குப் போய் என்ன பயன்? ஆகவே இவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள்:

1. வைத்தியமே முதல். ஆஸ்பத்திரிச் சீட்டில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எப்போது வாந்தி தொடங்கியது என்று எழுதச் சொல்லுங்கள். மல பரிசோதனை தேவையா என்று, ஆன்டிபயாடிக் தொடங்குமுன் டாக்டரைக் கேளுங்கள்.

2. மிச்ச உணவைக் கொட்டாதீர்கள். சுத்தமான பாத்திரத்தில் மூடி, தேதியும் நேரமும் எழுதி ஃப்ரிட்ஜில் வைத்து அதிகாரியிடம் ஒப்படையுங்கள். சோதனைக்குக் கடல் தாண்டிப் போக வேண்டியிருக்கலாம், தாமதம் கூடாது.

3. பில், ரசீது, ஒப்பந்தக் கடிதம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். உணவு லைசென்ஸின் 14 இலக்க எண்ணையும் குறித்துக் கொள்ளுங்கள்.

4. யார் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று பட்டியல் போடுங்கள். உடம்பு சரியில்லாதவர்களோடு, சௌக்கியமாக இருப்பவர்களையும் சேர்க்க வேண்டும். பாயசம் சாப்பிட்ட 30 பேரில் 25 பேர் படுத்து, சாப்பிடாத 20 பேரில் ஒருவரே படுத்தார் என்றால், சந்தேகம் பாயசத்தின் மேல் விழும்.

கடைசியாகச் சாப்பிட்ட பண்டத்தின் மேல் பழி போடுவது மனித சுபாவம். ஸ்டாபிலோகாக்கஸ் விஷம் அரை மணி முதல் 8 மணிக்குள் வேலையைக் காட்டும். சால்மொனெல்லாவோ 6 மணி முதல் 6 நாள் வரை எடுத்துக் கொள்ளும். நேற்றைய விருந்து செய்த தப்புக்கு இன்றைய இட்லிக்கடைக்காரர் பழி சுமக்கக் கூடாது. பட்டியலும் பரிசோதனையும் குற்றமற்றவரைக் காப்பாற்றவும்தான்.

இது சின்ன ஊர். சமைத்தவர் தெரிந்தவராக இருப்பார். ஜெட்டியில் தினமும் முகத்தைப் பார்க்க வேண்டும். "போனால் போகிறது" என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் அதே கை, அதே அண்டா, அடுத்த வாரம் இன்னொரு வீட்டு விசேஷத்துக்குப் போகும். அங்கே பந்தியில் உட்காரும் குழந்தையையும் வயோதிகரையும் நினைத்துப் பாருங்கள். நஷ்டஈடு வேண்டாம் என்றால் கேட்க வேண்டாம். புகாரையாவது அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.