அக்காவோட டியூட்டி லிஸ்ட்

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். போன மாசம் மூணு வாரம் கோயம்புத்தூர்ல அக்கா வீட்ல இருந்து வேலை பார்த்தேன். அங்க பார்த்ததைத்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

அக்கா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில லேபர் வார்டு நர்ஸ். ஜி.என்.எம். படிச்சவங்க. அந்தப் படிப்போட பேர்லயே மிட்வைஃபரி இருக்கு. மாமாவுக்குத் திருப்பூர்ல வேலை, தினமும் போய்ட்டு வர்றார். பாப்பா எல்.கே.ஜி.

எனக்கும் ஆன்-கால் உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தா போன் அலறும். அதனால "நைட் ஷிஃப்ட் கஷ்டம் எனக்கும் தெரியும்க்கா"ன்னு வீராப்பா சொன்னேன். முதல் வாரத்துலயே வாயை மூடிக்கிட்டேன்.

என்னோட ஆன்-கால் எப்போன்னு ரெண்டு மாசம் முன்னாடியே காலண்டர்ல இருக்கும். அக்காவுக்கு அடுத்த வாரத்து டியூட்டி லிஸ்ட் சனிக்கிழமை சாயங்காலம்தான் வாட்ஸ்அப்ல வரும். வந்ததும் மூணு போன் போகும்: மாமாவுக்கு, எங்கம்மாவுக்கு, எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு. பாப்பாவை யார் ஸ்கூல்ல விடறது, யார் கூட்டிட்டு வர்றது, ராத்திரி யார்கூடத் தூங்கறது? எல்லாம் பேசி முடிச்சா, யாரோ லீவு போட்டாங்கன்னு லிஸ்ட் மாறிடும்.

மார்னிங் டியூட்டி ரெண்டு மணிக்கு முடியணும். ஆனா அடுத்து வர்ற சிஸ்டர்கிட்ட ஒவ்வொரு பெட்டா நின்னு சொல்லிட்டுத்தான் கிளம்ப முடியும். யாருக்கு எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கு, குழந்தையோட துடிப்பு எப்படி, என்ன மருந்து போகுது. ஒண்ணு விட்டுப்போனா ரெண்டு உயிருக்கு ஆபத்து. ஒரு நாள் அது மூணு மணியைத் தாண்டிடுச்சு. நான் மீட்டிங்கைப் பாதியில விட்டுட்டு ஸ்கூலுக்கு ஓடினேன். எல்லாரும் போயாச்சு, பாப்பா மட்டும் வாட்ச்மேன் பக்கத்துல. அழலை. "அம்மாவுக்கு நாளைக்கு நைட்டா, மார்னிங்கா?"ன்னு கேட்டா. நாலு வயசு!

சட்டப்படி, 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல குழந்தைகள் காப்பகம் இருக்கணும். அம்மா நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்துக்கலாம். அக்கா ஆஸ்பத்திரியில அதைவிட நிறைய பேர் இருக்காங்க. காப்பகம் இல்லை. கேட்டதுக்கு "இடம் இல்லைம்மா"ன்னு பதில்.

எஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா? "ஷிஃப்ட் மாத்திக்க ஒரு ஆப் எழுதித் தரட்டுமாக்கா?"ன்னேன். சிரிச்சுட்டாங்க. "மாத்திக்க இன்னொரு ஆள் வேணும்லடா? நைட்ல வார்டுக்கே ரெண்டு பேர்தான். ஆப் எல்லாம் வேணாம். ஒரு மாசத்து லிஸ்ட்டை முன்கூட்டியே குடுத்தாப் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்குவேன்."

2020 மார்ச் 22 சாயங்காலம் நானும் பால்கனியில நின்னு கை தட்டினேன். வருஷா வருஷம் மே 12, செவிலியர் தினத்துக்கு 'தேவதை'ன்னு ஸ்டேட்டஸும் போடுவேன். ஒரு தடவைகூட "இந்த வாரம் என்ன டியூட்டிக்கா?"ன்னு கேட்டதில்லை.

உங்க வீட்ல நர்ஸ் இருந்தா, வாரத்துல ஒரு வேலையை நிரந்தரமா உங்க பேர்ல எழுதிக்கோங்க. ஆஸ்பத்திரி நிர்வாகத்துல இருக்கறவங்க கேட்டுட்டிருந்தா, அந்த லிஸ்ட்டைக் கொஞ்சம் சீக்கிரம் போடுங்க. ஆள் குறைவுன்னா ஆள் எடுங்க.

இப்போ சனிக்கிழமை அக்கா செய்யற போன் நாலு. நாலாவது எனக்கு. அடுத்த வாரம் பார்ப்போம்!