தூத்துக்குடிச் சுதேசிக் கப்பல்
(நெய்வேலி நகரியத்தில், சுற்றுக் கிராமங்களின் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



நெய்வேலியில் நீராவியைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். 1956 இல் இங்கு ஏற்பட்ட பழுப்பு நிலக்கரி ஸ்தாபனம், பூமியின் அடியிலிருந்து கரியை எடுத்து, அதை எரித்து, நீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியின் பலத்தால் சக்கரங்களைச் சுழற்றி மின்சாரம் உண்டாக்குகிறது. இதே நீராவி ஒரு காலத்தில் ஜனங்களைக் கடல் கடந்து ஏற்றிச் சென்றது. அந்தக் கப்பல்களில் இரண்டு, உங்களைப் போன்ற பங்குதாரர்களின் பணத்தால் வாங்கப்பட்டவை. அவற்றின் சரித்திரமே இன்று நான் சொல்லப் புகுந்த விஷயம்.

நீராவிக் கப்பல் தோன்றுவதற்கு முன், மரக்கலங்கள் காற்றை நம்பியே சென்றன. காற்று வாய்த்தால் பிரயாணம். இல்லையேல் துறையிலேயே காத்துக் கிடக்கவேண்டும். 1807 இல் அமெரிக்காவில் ராபர்ட் புல்டன் என்பவர் ஹட்ஸன் நதியில் நியூயார்க்கிலிருந்து ஆல்பனி வரையில் சுமார் 150 மைல் தூரத்தை நீராவிப் படகில் 32 மணி நேரத்தில் கடந்து காட்டினார். அதன் பிறகு பிரயாணிகள் குறித்த நாளில் புறப்பட்டுக் குறித்த நாளில் சேரலாம் என்னும் நம்பிக்கை உண்டாயிற்று. நதியில் பிறந்த இத்தொழில் விரைவில் சமுத்திரத்தையும் அடைந்தது.

நம் தமிழ்க் கரையிலும் இக்கப்பல்களின் நினைவு நீண்டது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓர் இரவுப் பிரயாணம். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கர்ஸன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்னும் கப்பல்கள் ஓடின. சென்னையில் ரயில் ஏறியவர், கடலையும் கடந்து இலங்கையில் மீண்டும் ரயில் ஏறினார். 1964 டிசம்பர் மாதப் புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. 1926 இல் கட்டப்பெற்ற ‘ரஜுலா’ சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளை ஏறக்குறைய அரை நூற்றாண்டு இணைத்து வந்தது. துணி மூட்டையும் தகரப் பெட்டியுமாக மேல்தளத்தில் அமர்ந்து சென்றவர்களின் பேரன்மார் இன்றும் கடலூர், தஞ்சை ஜில்லாக்களில் இருக்கிறார்கள்.

ஆனால் இக்கப்பல்களின் சொந்தக்காரர் யார்? தென்னிந்தியக் கடலில் பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியாரே ஆதிக்கம் செலுத்தினர். கூலியையும் வாடகையையும் அவர்களே விதித்தனர். தூத்துக்குடியின் பருத்தி வியாபாரியும், இலங்கைத் தோட்டத்துக்குச் செல்லும் தொழிலாளியும் அவர்கள் கேட்டதைக் கொடுக்கவேண்டியிருந்தது. போட்டியில்லாத இடத்தில் விலை எவ்வாறு நிற்கும் என்பதை, ஒரே தரகரிடம் நெல்லை விற்ற கிராமத்தார்க்கு நான் விளக்கவேண்டுவதில்லை.

இந்நிலையை மாற்றத் துணிந்தவர் ஒட்டப்பிடாரத்தில் பிறந்து தூத்துக்குடியில் வக்கீல் தொழில் நடத்திவந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள். 1906 அக்டோபர் 16 இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு ரூபாய் 25 வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். பிள்ளையவர்கள் உதவிக் காரியதரிசி. ஹாஜி முகமது பகீர் சேட் என்னும் வணிகர் ஒருவரே இரண்டு லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் எடுத்துக்கொண்டார். இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு என்று வைத்ததன் நோக்கத்தைக் கவனியுங்கள். தனவந்தர் மட்டுமன்றி நடுத்தரக் குடும்பத்தாரும் சேரவேண்டும் என்பதே அது. செங்கற்பட்டு ஜில்லா திரூரில் நம் மாகாணத்தின் முதல் கிராமக் கூட்டுறவு நாணயச் சங்கம் தோன்றி அப்போது இரண்டே வருஷங்கள் ஆகியிருந்தன. சிறு பணம் பல சேர்ந்தால் பெரும் பலம் என்னும் எண்ணம் அக்காலத்துக் காற்றிலேயே கலந்திருந்தது போலும்.

கம்பெனிக்கு முதலில் சொந்தக் கப்பல் கிடையாது. வாடகைக்கு எடுத்த கப்பல்களும் எதிரிகளின் நிர்ப்பந்தத்தால் கைநழுவின. இரவல் ஏரை நம்பி உழவைத் தொடங்கியவன் நிலைதான். ஆகவே பிள்ளையவர்கள் பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் வீழ்ந்து மாய்வேன் என்று அவர் உறுதி கூறிச் சென்றதாகச் சொல்வார்கள். 1907 இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரண்டு கப்பல்களும் தூத்துக்குடி வந்து சேர்ந்தன. அக்காலத்தில் அத்துறையில் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் கரைக்குச் சில மைல் தொலைவில் நங்கூரமிட, பிரயாணிகளும் சரக்குகளும் படகிலே சென்று ஏறவேண்டும். அவ்வாறு படகேறிப் போய்த் தம் சொந்தக் கப்பலில் கால் வைத்த பங்குதாரரின் மகிழ்ச்சியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி வருவதே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய பகுதி. எதிர்க் கம்பெனியார் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தனர். சுதேசிக் கம்பெனியார் எட்டணாவாக்கினர். எதிரிகள் இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும், ஏறுவோர்க்கு ஒரு குடையும் அளிப்பதாகவும் கூறினர் என்பது பரம்பரையாக வழங்கும் செய்தி. பெரிய கம்பெனிக்குப் பல துறைகளில் லாபம் உண்டு. ஒரு துறையில் வரும் நஷ்டத்தை வருஷக்கணக்கில் தாங்கலாம். இரண்டே கப்பல் உடைய கம்பெனிக்கு ஒவ்வொரு பிரயாணமும் உயிர்ப் பிரச்னை. கரிக்கும் மாலுமிகளின் சம்பளத்துக்கும் பணம் வந்தே தீரவேண்டும்.

இலவசக் கப்பலில் ஏறிய ஏழையை நான் குறை கூறமாட்டேன். பசித்தவனுக்கு எட்டணா பெரிது. ஆயினும் ஓர் உண்மையை மறக்கலாகாது. இலவசம் என்பது போட்டியாளன் சாகும் வரைதான். அவன் செத்த மறுநாள் பழைய கட்டணம் திரும்பிவிடும்.

1908 மார்ச் 12 இல் பிள்ளையவர்கள் கைது செய்யப்பட்டார். ஜூலை 7 இல் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது; மேல் விசாரணையில் அது குறைக்கப்பட்டது. சிறையில் அவரைச் செக்கிழுக்க வைத்தனர். நடத்துவதற்கு அவரைப் போன்ற மற்றொருவர் இல்லாமையால் கம்பெனி நாளுக்கு நாள் நலிந்து, 1911 இல் கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையாகி வெளிவந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. 1936 இல் காலமாகும் வரை அவர் வறுமையோடு போராடினார்.

இச்சரித்திரத்தைக் கேட்டுப் பெருமூச்செறிவதனால் மட்டும் பயன் இல்லை. நம் சங்கங்களுக்கு இதில் மூன்று பாடங்கள் உண்டு.

முதலாவது, சேமிப்பு நிதி. நல்ல வருஷத்து லாபம் முழுவதையும் பங்காதாயமாகப் பிரித்துக்கொள்ளும் சங்கம், போட்டி வருஷத்தில் நிற்கமாட்டாது. கப்பலை முழுக்கும் புயல் அமைதியான கடலிலேயே உருவாகிறது.

இரண்டாவது, நிர்வாகம் ஒருவர் தோளிலேயே இருக்கலாகாது. காரியதரிசி எத்துணைத் தியாகியாயினும், அவர் ஒரு மாதம் நோயுற்றால் கணக்குப் புத்தகத்தைத் திறக்கத் தெரிந்தவர் இன்னும் இருவராவது வேண்டும். இளைஞர்க்குக் கப்பலோட்டும் தொழிலைக் கற்பிப்பதும் சுதேசிக் கம்பெனியின் நோக்கங்களில் ஒன்றாயிருந்தது. அந்நோக்கம் நிறைவேற அவகாசம் கிடைக்கவில்லை. உங்களுக்கு அவகாசம் உண்டு.

மூன்றாவது, அங்கத்தினரின் உறுதி. பங்கு வாங்குவது ஒரு நாள் வேலை. பங்குதாரராக நடந்துகொள்வது தினசரி வேலை. வெளி வியாபாரி பாலுக்கு லிட்டருக்கு ஒரு ரூபாய் அதிகம் தருகிறேன் என்று வாசலில் வந்து நிற்கும்போது, சங்கத்துக்குப் பாலை அனுப்புகிறவரே உண்மையான அங்கத்தினர். ஆனால் அந்த உறுதியைச் சங்கம் கேட்பதானால், சரியான அளவும், காலத்தில் பட்டுவாடாவும், ஒளிவற்ற கணக்கும் சங்கம் கொடுக்கவேண்டும். நேர்மையில்லாத சங்கத்துக்கு விசுவாசத்தைக் கேட்க உரிமை இல்லை.

இறுதியாக ஒரு செய்தி. தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் வ. உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் நெய்வேலி ஸ்தாபனமும் தமிழ்நாட்டு மின்வாரியமும் கூட்டாக நிறுவிய ஆயிரம் மெகாவாட் மின்நிலையம் அவ்வூரிலேயே இருக்கிறது. அங்கும் கரி எரிகிறது, நீராவி எழுகிறது. இரண்டு கப்பல்களுக்குக் கரி வாங்கத் தவித்த ஊரில் இன்று இவ்வளவு நீராவி! அத்தனையும் அவரால் ஆயிற்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம்மவர் சேர்ந்தால் கப்பலும் விடலாம் என்று முதலில் காட்டியவர்களுள் அவர் ஒருவர். இன்று மாலை உங்கள் சங்கப் புத்தகத்தைத் திறந்து, சேமிப்பு நிதி எவ்வளவு, நிர்வாகம் அறிந்தவர் எத்தனை பேர் என்று பாருங்கள். அதுவே அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.