குரூஷிக்கு வந்த கடிதம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"இங்கிலாந்துல இத்தனை வருஷம் இருந்தியே, ஏதாவது பேசேன்" என்று செயலாளர் கேட்டார். என் வேலையைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் காபி குடிக்க எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே அங்கே வியாழக்கிழமை இரவுகளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்கிறேன். நெப்போலியன் காலத்துப் போர்களை மேஜை மேல் மறுபடி நடத்திப் பார்க்கும் ஒரு சங்கத்தில் நான் உறுப்பினனாக இருந்தேன். "என்ன மாப்பிள்ளை, இந்த வயசுல பொம்மை விளையாட்டா?" என்று என் மாமியார் கேட்டார். கேள்வி நியாயமானதுதான்.

ஊர்ப் பொதுக் கூடத்தில் 12 அடி நீளம், 6 அடி அகலத்துக்கு மேஜைகளைச் சேர்த்துப் போடுவோம். அதன்மேல் பச்சைத் துணி, துணிக்கடியில் புத்தகங்களை அடுக்கி மேடுகள், அட்டையில் செய்த பண்ணை வீடுகள். விரல் உயர ஈயப் பொம்மைகளுக்குப் பொத்தான் முதற்கொண்டு வர்ணம் தீட்டியிருப்பார்கள். ஒரு பொம்மை 20 வீரர்களுக்குச் சமம். நகர்வதை அங்குலக் கோலால் அளப்போம். சுட்டது பட்டதா என்பதைத் தாயக்கட்டை உருட்டித் தீர்மானிப்போம்.

அந்தக் காலத்துப் போரின் சூட்சுமம் முழுவதும் அணிவகுப்பில் இருக்கிறது. காலாட்படை நீள வரிசையாக நின்றால் நிறையத் துப்பாக்கிகள் ஒரே நேரத்தில் சுடலாம். ஆனால் பக்கவாட்டில் குதிரைப்படை பாய்ந்தால் தொலைந்தது. நாலு பக்கமும் ஈட்டிமுனையை நீட்டிச் சதுரமாக நின்றுவிட்டால் குதிரை கிட்டே வராது; ஆனால் அப்படி நெருக்கியடித்து நிற்பவர்கள் பீரங்கிக்கு நல்ல இலக்கு. வாட்டர்லூவில் சாயங்காலம் 4 மணி வாக்கில் மார்ஷல் நே குதிரைப்படையை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பினார். காலாட்படையும் பீரங்கியும் போதிய அளவில் கூடப் போகவில்லை. ஆங்கிலேயர் சதுரங்கள் கலையவில்லை. இதைப் பத்துப் பக்கம் படிப்பதைவிட, ஒரு தடவை கையால் நகர்த்திப் பார்த்தால் போதும்.

ஆனால் இந்த மேஜையில் ஒரு பெரிய குறை உண்டு. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். கருடன் மாதிரி மேலேயிருந்து பார்க்கிறோம். வாட்டர்லூ நடத்தினால் பிரெஞ்சுப் பக்கம் ஆடுகிறவர் முதல் காரியமாகக் குரூஷியைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்வார். நெப்போலியன் வாரா வாரம் ஜெயித்துக்கொண்டிருந்தார்!

குரூஷி யார் என்று மாணவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 1815 ஜூன் 16 அன்று லினியில் நெப்போலியன் பிரஷ்யப் படையைத் தோற்கடித்தார். தோற்றவர்கள் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று உடனே தெரியவில்லை. மறுநாள் மதியம் மார்ஷல் குரூஷியிடம் சுமார் 33,000 பேரைக் கொடுத்து, அவர்களைத் துரத்திப் போகச் சொன்னார். 18ஆம் தேதி வாட்டர்லூவில் வெலிங்டனோடு போர் நடந்தபோது குரூஷி வரவில்லை. அவர் துரத்திப் போன பிரஷ்யர்கள் வந்துவிட்டார்கள். "குரூஷி வராததால் நெப்போலியன் தோற்றார்" என்று இதே கல்லூரியில் நான் எழுதி இரண்டு மார்க் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு பெரியவர், ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "இப்படி ஆடினா இது போரே இல்ல. பழைய முறைப்படி ஆடுவோம்" என்றார். பழைய முறை என்பது பிரஷ்ய ராணுவத்தினுடையது. ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1812இல் தம் அரசரிடம் காட்டியது. அவருடைய மகன் 1824இல் திருத்தி முழுமையாக்கியது. அதில் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. நடுவில் ஓர் அம்பயர் மட்டும் எல்லாம் அறிவார். அதைப் பார்த்துவிட்டு, ராணுவம் முழுவதும் பழக வேண்டியது என்று பரிந்துரைத்தவர் தளபதி முஃப்லிங். வாட்டர்லூ அன்று பிரஷ்யப் பிரதிநிதியாக வெலிங்டன் கூடவே இருந்து, தம் படை எப்போது வரும் என்று காத்துக் கிடந்தவர் இவர்தான். சேதி வருவதற்குள் உயிர் போகும் என்பது அவருக்குத் தெரியாதா?

அப்படியே நடத்தினோம். குரூஷி வேஷம் எனக்கு. என்னைக் கூடத்தின் சமையலறையில் ஒரு வரைபடத்தோடு உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். பகல் 11.30க்கு அம்பயர் ஒரு சீட்டை நீட்டினார்: "மேற்கே பீரங்கிச் சத்தம்." என் கீழ் ஜெனரல் ஜெரார் வேஷம் போட்ட காலேஜ் பையன் துள்ளிக் குதித்தான். சத்தம் வரும் பக்கம் போக வேண்டும் என்றான். அசல் ஜெரார் வாலென் என்ற ஊரில் நின்று சொன்னதும் இதைத்தான்.

என் கையில் இருந்த உத்தரவோ, பிரஷ்யர்களைத் தொடர் என்பது. போர்க்களம் இருபது கிலோமீட்டருக்கு மேல். முந்தின நாள் பெய்த மழையில் பாதையெல்லாம் சேறு, நடுவே டீல் என்ற ஆறு. நான் வாவ்ர் என்ற ஊரை நோக்கியே போனேன். சக்கரவர்த்தி காலை 10 மணிக்கு எழுதிய சீட்டு 4 மணிக்கு வந்தது. அதுவும் வாவ்ருக்குத்தான் போகச் சொன்னது. 1 மணிக்கு எழுதிய சீட்டு, உடனே வா என்கிற அந்தச் சீட்டு, மாலையில்தான் வந்தது. அசல் கடிதத்தின் கையெழுத்து மோசம். பிரெஞ்சில் 'போர் தொடங்கியிருக்கிறது' என்பது 'போர் வெல்லப்பட்டது' என்று படிக்கும்படி இருந்ததாகச் சொல்வார்கள். பெரியவர் அதையும் கிறுக்கியே கொடுத்தார், மனுஷர்!

ஆட்டம் முடிந்து வெளியே வந்தால், நெப்போலியனாக இருந்த வரி அலுவலகக்காரர் கொதித்துக்கொண்டிருந்தார். "ஒரு மணிக்கே எழுதிட்டேனே, எங்க போய்த் தொலைஞ்சீங்க?" எழுதியவருக்கு, எழுதியதுமே காரியம் நடந்துவிட்டது. எனக்கு அந்த ஒரு மணி வந்து சேரவே இல்லை. இன்னொரு தடவை அந்தச் சமையலறையில் உட்கார வைத்தாலும் வாவ்ருக்குத்தான் போவேன். கையில் இருந்த சேதிக்கு அதுதான் சரி. குரூஷி கெட்டிக்காரத் தளபதி என்று நான் வாதாடவில்லை. துரத்தியதில் சுறுசுறுப்பு போதாது என்பது உண்மை. ஆனால் தோற்ற பின் தம் படையைச் சிதறாமல் நமூர் வழியாக மீட்டுக் கொண்டுபோனவரும் அவர்தான். செயின்ட் ஹெலெனாவில் உட்கார்ந்துகொண்டு நெப்போலியன் பழியை அவர்மேல் போட்டார். 1847இல் சாகும் மட்டும் குரூஷிக்கு அந்தப் பழி தீரவில்லை.

நான் இந்தியன் என்பதால் வெலிங்டனைப் பற்றி என்னிடம் கேட்பார்கள். 1799 ஏப்ரல் 5 இரவு, சீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு தோப்பைப் பிடிக்கப் போய், இருட்டில் வழி தெரியாமல் உதைபட்டுத் திரும்பியவர் அவர். 1803இல் அசாயேயில், ஆற்றில் துறையே இல்லை என்று வழிகாட்டிகள் சொன்னபோது, எதிரெதிர்க் கரையில் இரண்டு கிராமங்கள் இருப்பதைப் பார்த்து, நடுவே துறை இல்லாமல் இருக்காது என்று ஊகித்தார். இருந்தது. பின்னால் போன படையில் நம் மதராஸ் சிப்பாய்கள் நிறைய. பார்க்க முடியாததை ஊகிக்கும் வித்தையை அவர் பழகியதில் நம் மண்ணுக்கும் பங்குண்டு என்பேன்.

சாவை விளையாட்டாக்கலாமா என்று சிலர் கேட்பீர்கள். வாட்டர்லூவில் அந்த ஒரு நாளில் ஏறத்தாழ 50 ஆயிரம் பேர் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள்; பலர் இரவு முழுக்க வயலிலேயே கிடந்தார்கள். எங்கள் பொம்மைகள் பெட்டிக்குப் போய் அடுத்த வாரம் திரும்பி வந்துவிடும். அது எனக்கு எப்போதும் உறுத்தும். உறுத்தட்டும் என்றுதான் ஆடினேன்.

விடுதியில் நாளை மூன்று அறைகள் தர வார்டன் சம்மதித்திருக்கிறார். ஒரு வரைபடம், துண்டுச் சீட்டுகள், வாய் திறக்காத ஓர் அம்பயர், இவ்வளவே தேவை. விருப்பமுள்ள மாணவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். யார் நெப்போலியன், யார் குரூஷி என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வேன்; சிபாரிசு செல்லாது.