வெள்ளம் வருமுன் அணை



நிபா என்ற பெயர் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர். 1998, 1999-ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் 265 பேரை அந்த நோய் தாக்கியது. 105 பேர் இறந்தனர். பெரும்பாலோர் பன்றிப் பண்ணைகளில் உழைத்தவர்கள்; நம் இந்தியர்களும் அவர்களில் உண்டு. நம் ஜொகூரை அடுத்த சிங்கப்பூரில், மலேசியப் பன்றிகளைக் கையாண்ட 11 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டு, ஒருவர் மாண்டார்.

முதலில் இது கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்துப் புகையடித்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்த பிறகே உண்மை விளங்கியது.

முன்பின் அறியாத பகைவனை எப்படி எதிர்ப்பது? அதற்குத்தான் எதிர்ப்பொருள் நூலகம். இங்கே புத்தகம் இல்லை. நலமாக உள்ளவர்களின் இரத்த அணுக்களிலிருந்து எதிர்ப்பொருள்களுக்கான மரபணுக்களை எடுத்து, பலவிதமாக இணைத்து, பாக்டீரியாவைத் தாக்கும் 'ஃபேஜ்' வைரஸ்களில் பொருத்துகிறார்கள். ஒவ்வொரு ஃபேஜும் தன் மேல் ஒரு எதிர்ப்பொருளைச் சுமக்கும். நோய்க்கிருமியின் புரதத்தைத் தட்டில் ஒட்டவைத்து இவற்றை ஊற்றிக் கழுவினால், பொருந்தியவை மட்டும் ஒட்டிக்கொள்ளும். அவற்றைப் பெருக்கி மீண்டும் மீண்டும் சலிப்பார்கள். இவ்வழிமுறைக்காக ஜார்ஜ் ஸ்மித், கிரெகரி விண்டர் இருவரும் 2018-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

அமெரிக்காவில் அப்படி அமைத்த ஒரு நூலகத்தில் சுமார் 1,000 கோடி வகைகள் இருந்தன. நிபாவின் நெருங்கிய உறவான ஹெண்ட்ரா வைரஸின் புரதத்தைக் கொண்டு அதில் தேடியபோது, இரண்டையும் அடக்கும் எதிர்ப்பொருள் கிடைத்தது. அதைச் செம்மைப்படுத்தியதே 'எம் 102.4'. 2018-இல் கேரளாவில் நிபா பரவியபோது ஆஸ்திரேலியாவிலிருந்து அதை வரவழைத்தார்கள். 40 நலமுள்ளவர்களிடம் நடந்த சோதனையில் அது பாதுகாப்பாகவே தெரிந்தது. ஆனால் நோயாளிகளைக் குணப்படுத்தும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

வகைகள் பெருகினால்தான் பொருத்தமானது அகப்படும். வலை சிறிதானால் மீன் தப்பிவிடும் அல்லவா? பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இத்தகைய நூலகங்களை உருவாக்கியுள்ளனர். ஆய்வுக்கென முறைப்படி, சம்மதம் கேட்டு இரத்தம் கோரினால் தயங்காதீர்கள். பிள்ளைகள் உயிரியல் ஆய்வுத் துறையை நாடினால் தடுக்காதீர்கள்.

அடுத்த நோய் நம்மிடம் சொல்லிக்கொண்டு வராது. அணை முன்பே எழும்பியிருக்க வேண்டும்.