பாதையில் கிடந்த கண்ணாடிச் சில்லு

திருவண்ணாமலையில் பௌர்ணமிக்கு கிரிவலம் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். புறப்படும்போது நம் கண் மலை மேல்தான் இருக்கும். நாலைந்து கிலோமீட்டர் கடந்து உள்ளங்கால் சூடு கண்டதும் கண் தானாகத் தரைக்கு இறங்கிவிடும். எங்கே கல், எங்கே மேடு என்று பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த அடி வைப்போம். பதினான்கு கிலோமீட்டரையும் வெறுங்காலோடு சுற்றுவதுதான் வழக்கம்.

சில வருஷங்களுக்கு முன்பு என் பெரியம்மாவோடு அப்படி ஒரு பௌர்ணமி இரவில் நடந்தேன். நிருதி லிங்கம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பெரியம்மா "ஐயோ" என்று நின்றுவிட்டார். குதிகாலில் ரத்தம். பழுப்பு நிறத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு, நகக்கண் அளவுதான் இருக்கும். பாதையோரம் கூட்டிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளரான ஒரு அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். பெரியம்மாவை உட்கார வைத்து, போன் வெளிச்சத்தில் சில்லை எடுத்தார். "பாட்டிலுதாம்மா. பௌர்ணமி வந்தா எங்களுக்கு இதையே ஒரு பக்கெட்டு அள்ளணும்" என்றார். அவர் கையிலும் இரண்டு இடத்தில் பழைய தழும்பு இருந்தது.

வீடு திரும்பிய பிறகும் அந்தச் சில்லு என் மனதை விட்டுப் போகவில்லை. அந்த பாட்டில் விற்றபோது அதன் விலையில் பாதிக்கு மேல் வரியாக அரசுக்குப் போயிருக்கும். வரி போன வழி தெரிகிறது. சில்லைப் பொறுக்குகிற அந்த அம்மாவின் கைக்கு உறை வாங்கும் பணம் எந்த வழியாக வருகிறது? இன்று உங்களோடு பேச வந்திருப்பது இதைப் பற்றித்தான்.

இதே கேள்வி கடல் தாண்டியும் எழுந்திருக்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து மக்கள் 2012-இல் வாக்களித்து கஞ்சா விற்பனையைச் சட்டபூர்வமாக்கினார்கள். 2014-இல் கடைகள் திறந்தன. வரிப்பணம் மாநிலக் கருவூலத்துக்குப் போனது. கடை இருந்ததோ நகரங்களில். அங்கே பெரும்பாலான நகரங்களுக்குச் சொந்தமாகக் காவல் துறை உண்டு, அதற்குச் சம்பளம் கொடுப்பதும் நகராட்சிதான். "கண்காணிக்கும் செலவு எங்களுடையது, வருமானம் மட்டும் உங்களுடையதா?" என்று நகரங்கள் கேட்டன. 2015-இல் சட்டம் திருத்தப்பட்டு நகரங்களுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அதைப் பிரிப்பதில் ஒரு பகுதி, அந்தந்த ஊரில் நடக்கும் விற்பனையைப் பொறுத்தது. கடையே வேண்டாம் என்று தடுத்த ஊர்களுக்குப் பங்கு இல்லை. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் நாட்டில் கஞ்சா கதை வேறு. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பதே குற்றம். ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு என்று சட்டம் பிரித்திருக்கிறது. வணிக அளவு பிடிபட்டால் குறைந்தது பத்து வருஷம் சிறை. ஆக, கஞ்சாவால் அரசுக்கு வருமானம் கிடையாது, செலவு மட்டும்தான். ஆந்திர, ஒடிசா மலைப்பகுதிகளிலிருந்து வரும் சரக்கைப் பிடிக்க 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாடு காவல் துறை 'கஞ்சா வேட்டை' என்ற பெயரில் பல கட்டங்களாகத் தேடுதல் நடத்தியது. சாதுக்களும் வெளிநாட்டவரும் வெளியூர்க்காரர்களும் எந்நேரமும் வந்து போகிற திருவண்ணாமலை மாதிரி ஊரில், யார் பக்தர், யார் வியாபாரி என்று பிரித்துப் பார்ப்பதே காவலர்களுக்குப் பெரும்பாடு.

நம் ஊரில் வரி தருகிற போதை மதுதான். 2003-ஆம் ஆண்டு முதல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் நிறுவனம் மட்டுமே நடத்துகிறது. 2024-25-இல் மது மூலம் அரசுக்கு வந்த வரி வருவாய் 48,344 கோடி ரூபாய். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் இது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநிலங்கள் தாங்களே விகிதம் வைத்து வசூலிக்கக்கூடிய வரிகள் மிகச் சிலவே மிஞ்சின. அவற்றில் பெரியது மது. அதனால்தான் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இந்த வருமானத்தை விட முடியவில்லை.

இந்தப் பணத்தில் ஊருக்குப் பங்கே கிடையாதா என்றால், உண்டு. நேர்மையாக அதையும் சொல்ல வேண்டும். 73, 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில நிதி ஆணையம் அமைக்கப்படுகிறது. ஆணையங்களின் பரிந்துரையை ஏற்று, தமிழ்நாடு அரசு தன் சொந்த வரி வருவாயில் பத்து சதவீதத்தை ஊராட்சிகளுக்கும் நகரங்களுக்கும் பகிர்ந்து தருகிறது. மதுவரியும் அந்த அண்டாவுக்குள்தான் விழுகிறது. ஆகவே திருவண்ணாமலைக்கு ஒன்றுமே வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றுகிற அளவு எதைப் பார்த்து? பெரும்பாலும் மக்கள்தொகையைப் பார்த்துத்தான். 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலை நகரத்தின் மக்கள்தொகை சுமார் 1,45,000. கார்த்திகை தீபத்தன்று இந்த ஊருக்கு வருபவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். மாதாமாதம் பௌர்ணமிக்கு வருபவர்களும் பல லட்சம் பேர். அவர்கள் குடிக்கும் தண்ணீர், போகும் கழிப்பறை, போட்டுவிட்டுப் போகும் இலை, குப்பை எல்லாமே ஊரின் பொறுப்பு. கணக்கெடுப்பில் அவர்கள் தத்தம் சொந்த ஊரில் இருக்கிறார்கள். பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் இருக்கிறார்கள்.

2024 ஆகஸ்ட்டில் திருவண்ணாமலை மாநகராட்சியாக உயர்ந்தது. சுற்றியுள்ள ஊராட்சிகளும் சேர்ந்தன. பெயர்ப் பலகை பெரிதாகிவிட்டது. பாதை கூட்டும் துடைப்பங்களின் எண்ணிக்கையும் அதற்கேற்ப உயர வேண்டும் அல்லவா?

இங்கே நமக்கும் அமெரிக்க நகரங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். நம் காவல் துறை மாநில அரசுடையது. தீபத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட போலீஸாரைப் பல மாவட்டங்களிலிருந்து கொண்டுவந்து நிறுத்துவதும் மாநில அரசுதான். அதனால் "போலீஸ் செலவுக்குப் பங்கு கொடு" என்று நம் மாநகராட்சி கேட்க வேண்டியதில்லை. மாநகராட்சியின் தலையில் விழுவது சத்தமில்லாத செலவு. இருட்டு மூலையில் விளக்கு போடுவது. உடைந்த பாட்டிலை அள்ளுவது. சாக்கடையில் அடைத்துக்கொண்ட பிளாஸ்டிக் டம்ளரை எடுப்பது. காலில் சில்லு ஏறியவருக்குக் கட்டுப் போடுவது. இதற்கெல்லாம் வரவு செலவுக் கணக்கில் 'மதுவால் வந்த செலவு' என்று தனித் தலைப்பு கிடையாது. தலைப்பு இல்லாத செலவை யாரும் பார்ப்பதில்லை.

வரியை ஊருக்கென்று ஒதுக்குவது நமக்குப் புதிதும் இல்லை. சினிமா டிக்கெட்டில் வசூலான கேளிக்கை வரியில் 90 சதவீதம் ஒரு காலத்தில் உள்ளாட்சிக்கே போனது. பத்திரப்பதிவில் முத்திரைத் தீர்வையோடு சேர்த்து வாங்கிய கூடுதல் வரியும் உள்ளாட்சிக்குத்தான். படம் பார்க்க வந்த கூட்டத்தால் ஊருக்குச் செலவு உண்டு என்று அன்று ஒப்புக்கொண்டார்கள். பாட்டிலால் வரும் செலவை ஒப்புக்கொள்வதில் மட்டும் என்ன தயக்கம்?

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1937 அக்டோபர் முதல் தேதி ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அடுத்து சித்தூர், கடப்பா. 1939-இல் வட ஆற்காடு. திருவண்ணாமலை அன்று வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அதே 1939-இல்தான் சென்னை மாகாணத்தில் விற்பனை வரி பிறந்தது. கள், சாராய வருமானம் போன ஓட்டையை அடைக்க வந்த வரி அது. பிற்பாடு மதுவும் திரும்பி வந்தது, விற்பனை வரியும் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் மது விற்பனை நடப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் போடப்பட்ட விதிகளின்படிதான். அந்த விதிகளில் ஒன்று, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கோயிலுக்கும் பள்ளிக்கும் 50 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது என்கிறது. சாதாரண ஊருக்கு அது ஓர் எல்லை. மலையையே லிங்கமாகக் கும்பிடுகிற ஊரில், பதினான்கு கிலோமீட்டர் பாதையே பிராகாரமாக இருக்கிற ஊரில், 50 மீட்டரை எந்த வாசலிலிருந்து அளப்பது?

இப்போது என் கோரிக்கையைச் சொல்கிறேன். மதுவரியில் ஒரு சிறு பங்கைத் தனியாகப் பிரித்து, மதுவால் பாதிக்கப்படும் ஊர்களின் தூய்மைக்கும் வெளிச்சத்துக்கும் குடிநோய் சிகிச்சைக்கும் மட்டுமே என்று கொடுக்க வேண்டும். எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று ஆண்டுதோறும் ஊர் அறிய எழுதி வைக்க வேண்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வாஷிங்டன் மாதிரி, எங்கே அதிகம் விற்கிறதோ அங்கே அதிகப் பங்கு என்று வைத்துவிடக் கூடாது. கடை வேண்டாம் என்ற ஊருக்குப் பங்கு இல்லை என்றும் வைக்கக் கூடாது. அப்படி வைத்தால், நாளைக்கு மாநகராட்சியே இன்னொரு கடை வந்தால் தேவலை என்று நினைக்க ஆரம்பிக்கும். மாநிலத்தைப் பிடித்த அதே நோய் ஊரையும் பிடித்துக்கொள்ளும். பங்கு, விற்பனையைப் பார்த்து வரக் கூடாது, சுமையைப் பார்த்து வர வேண்டும். எத்தனை பேர் வந்து போகிறார்கள், எத்தனை கிலோமீட்டர் பாதை, எத்தனை பேர் சிகிச்சைக்குக் காத்திருக்கிறார்கள் என்பதே அளவுகோலாக வேண்டும். கடையை மூடிய ஊருக்கு ஒரு ரூபாய் கூடவே கொடுக்க வேண்டும்.

இது நடக்காத காரியம் இல்லை. நீலகிரிக் காடுகளில் உடைந்த பாட்டில்கள் யானையின் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2022-இல் அங்கே பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் திட்டம் தொடங்கியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாக வந்தது. பாட்டிலின் விலையிலேயே பாட்டிலின் குப்பைக்கும் பொறுப்பு உண்டு என்று நீதிமன்றம் வழி காட்டியிருக்கிறது. யானையின் காலுக்குக் கிடைத்த நியாயம் கிரிவலம் வரும் பாட்டியின் காலுக்கும் கிடைக்க வேண்டும்.

வருமானத்தை மட்டும் பார்த்து, சிகிச்சையையும் கண்காணிப்பையும் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். 2024 ஜூனில் நம் அண்டை மாவட்டமான கள்ளக்குறிச்சியின் கருணாபுரம் முதலிய இடங்களில் மெத்தனால் கலந்த சாராயம் 65 பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. இறந்தவர்களின் குடும்பத்துக்கு அரசு தலா பத்து லட்சம் ரூபாய் கொடுத்தது. செத்த பிறகு வீடு தேடி வரும் பணத்தில் ஒரு துளி, உயிரோடு இருக்கும்போது ஊரில் ஒரு சிகிச்சை மையமாக வந்திருந்தால் சில வீடுகளாவது தப்பியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

நேயர்களே, உங்கள் ஊரில் பகுதி சபை கூடினால் போய் உட்காருங்கள். கிராமமாக இருந்தால் கிராம சபைக்குப் போங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் ஊரில் மதுவால் ஆகிற செலவு வருஷத்துக்கு எவ்வளவு?" பதில் தெரியாது என்பார்கள். கணக்கு எழுதச் சொல்லுங்கள். தெரு விளக்கு, குப்பை வண்டி, ஆஸ்பத்திரிக் கட்டு என்று ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். கணக்கோடு போய்க் கேட்கிற ஊருக்குத்தான் பங்கு கிடைக்கும். அந்தப் பங்கில் வாங்கும் முதல் பொருள், சில்லைப் பொறுக்குகிற கைகளுக்கு நல்ல உறையாக இருக்கட்டும்.