மரத்தில் ஓட்டையா? ஒரு போட்டோ எடுங்க!



சின்ன வயசுல தீப்பெட்டிக்குள்ள பொன்வண்டு வளர்த்தவங்க இங்க நிறைய பேர் இருப்பீங்க. அந்தப் பொன்வண்டோட புழு மண்ணுக்குள்ள வேரைத் தின்னு வளரும். அதே குடும்பத்துல பல வண்டுகளோட புழுக்கள் மரத்துக்குள்ளேயே வளரும். இந்த மரம் துளைக்கிற வண்டுகளைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

நத்தம் பக்கம் மாந்தோப்பு வச்சிருக்கிறவங்களுக்குத் தண்டுத்துளைப்பான்னு சொன்னாலே கோபம் வரும். நியாயம்தான். ஆனா காட்டுல இந்த வண்டுகளுக்கு வேற வேலை இருக்கு.

பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-இல் தொடங்கப்பட்டது. மாநிலத்தின் வனம் மற்றும் மரப்பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது அதன் இலக்கு. திண்டுக்கல் சமவெளியிலும் குளக்கரை, பள்ளி வளாகம்னு கன்று நடுறோம். எத்தனை நட்டோம், எத்தனை பிழைச்சதுன்னு எண்ணிடலாம். அது காடாக மாறுகிறதா, வெறும் தோப்பாக நிற்கிறதா என்பது அந்தக் கணக்கில் தெரியாது.

வண்டு அதைக் காட்டிக் கொடுக்கும். பல துளைப்பான்கள் குறிப்பிட்ட சில மரங்களில்தான் முட்டையிடும். சிலதுக்குப் புதுசா ஒடிஞ்ச கிளை வேணும், சிலதுக்கு நல்லா உளுத்த கட்டை வேணும். புழு மரத்துக்குள்ள மாசக்கணக்கில், சில இனங்களில் வருஷக்கணக்கில்கூட இருக்கும். அதனால பலவகை வண்டு வந்திருக்குன்னா, பலவகை மரமும், வயசான மரமும், பட்ட கட்டையும் அங்க இருக்குன்னு அர்த்தம். சீமைக்கருவேலம் மட்டும் மண்டின இடமும், உசிலை, வெள்வேல், ஆத்தி கலந்து நிற்கிற இடமும் இப்படித்தான் வேறுபடும். ஐரோப்பாவில் பட்ட மரத்து வண்டுகளை வைத்துக் காட்டின் தரத்தைப் பார்ப்பது பழகிய முறை.

ஒரே வகை வண்டு கூட்டமா பெருகினா அது நல்ல சேதி இல்லை. 1990-களின் கடைசியில் மத்தியப் பிரதேசத்தில் ஒரே இன வண்டு பெருகி, லட்சக்கணக்கான சால் மரங்களைப் பாதித்தது. எண்ணிக்கையைவிட வகையைப் பாருங்க.

நம்ம பழக்கம்தான் இதுக்கு இடைஞ்சல். காய்ந்த கிளையைக் கண்டா விறகுக்கு எடுக்கிறோம், இல்லேன்னா 'சுத்தம் பண்றோம்'னு கொளுத்துறோம். புழுவும் அதோட போகுது, அதைக் கொத்தித் தின்ன வர்ற மரங்கொத்தியும் போகுது. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்கு சரணாலயம் நாட்டிலேயே முதலாவது. தேவாங்குக்கு முக்கிய உணவே பூச்சிகள்தான்.

உங்க போன் இங்கதான் உதவும். பட்ட கிளையில் ஓட்டை தெரிஞ்சா, பக்கத்துல ஒரு ரூபாய் நாணயம் வச்சுப் படம் எடுங்க. வட்டமா இருந்தா பெரும்பாலும் நீண்ட மீசை வண்டு. தட்டையா, ஒரு பக்கம் வெட்டின மாதிரி இருந்தா பொன்வண்டு குடும்பம். குண்டூசி முனை அளவு ஓட்டையில் மாவு மாதிரி தூள் கொட்டினா, சின்ன உளு வண்டு. மரத்தோட பேரையும் குறிச்சுக்கோங்க. வண்டே கிடைச்சா, இடத்தோட ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் பதிவு பண்ணுங்க. அடுத்த வருஷம் அதே மரத்தைத் திரும்பப் பாருங்க.

காப்புக்காடு, சரணாலயத்துக்குள்ள அனுமதி இல்லாம போகாதீங்க, வண்டைப் பிடிச்சுட்டும் வராதீங்க. உங்க வயல் வரப்பும் தெரு மரமும் போதும். பாதையில் சாயுற பட்ட மரத்தை வெட்டத்தான் வேணும். ஆனா வெட்டின கட்டையில ரெண்டையாவது ஓரமா அங்கேயே போட்டு வைங்க.